டார்ச் வெளிச்சக் கோடு

தம்பிக்கு,

அப்பா படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தாய். கருமாதிக்கு மாலை போடவே ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். "வானத்தயே படம் புடிக்கிற பிள்ள, பெத்த அப்பன எடுக்கலையா?" என்று ஓடைப்பட்டியே கேட்டுவிட்டது.

தென்சிலுவை நட்சத்திரங்கள் எழும் மாதங்களில் நம் திராட்சைத் தோட்டத்தில்தான் கேமரா வைப்பேன். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் அரை நிமிடம் திறந்திருக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, ஒன்றிரண்டு படங்களில் மட்டும் வந்துபோவதை மென்பொருள் குப்பையென்று துடைத்துவிடும். ராத்திரி கரண்டில் மோட்டார் போட டார்ச்சோடு குறுக்கே நடந்த அப்பாவையும் அப்படித்தான் துடைத்திருக்கிறது.

அடுக்காத படங்களைத் தேடி எடுத்தேன். இருட்டில் ஆள் விழவில்லை. நட்சத்திரங்களுக்குக் கீழே, பந்தலோரமாக, வெளிச்சக் கோடு ஒன்று மட்டும் ஓர் எட்டுக்கு உயர்ந்து மறு எட்டுக்குத் தாழ்ந்து போகிறது.

அம்மாவிடம் காட்டினேன். கோட்டின்மேல் விரலை வைத்து மறு ஓரம்வரை கூடவே போனாள்.

"வலது காலத் தாங்குறாக பாரு. அவுக நடைதேன். மோட்டார் போடப் போறாக."

ஆதார் படம் இருந்த சுவரில் இப்போது இதுதான் இருக்கிறது. உனக்கும் இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இடது ஓரத்திலிருந்து விரலை வைத்துப் பார்.

உன் அக்கா