காதர் கையில டேப்லெட்டு

சனிக்கிழம ராத்திரி

ஆமாடா காதரு, எனக்குப் பொறாமதான். இப்ப என்னங்குற? ரோபோ போட்டியில எது கூடையில எத்தன பந்து போடுதுன்னு டேப்லெட்டுல தட்டுற வேலைய எம்பேத்தி எனக்குத் தராம ஒனக்குத் தந்தா. காதர் தாத்தாவுக்குத்தான் பொறும இருக்காம். ஜெகதாப்பட்டினத்துல மீன் ஏலத்துக்குக் கத்துன பயலுக்குப் பொறுமையாம்!

தொழுகப் போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போன. அப்ப அந்தச் செவப்பு ரோபோ பந்தாப் போட்டுத் தள்ளுச்சு. நான் ஒண்ணுகூடத் தட்டல. ஒன் கணக்கு தப்பாகட்டும்னுதான்.

அந்தக் கணக்க நம்பி, பைனல்ல தன் ரோபோவோட கூட்டுச் சேர்ந்து ஆட செவப்ப விட்டுட்டு வேற ரோபோவ எடுத்துத் தோத்துட்டா எம்பேத்தி. பஸ்ஸுல அழுதுக்கிட்டே ஒன்னத்தான் வஞ்சா.

எறங்குனதும், "மாப்ளே, அந்தச் செவப்பு ரோபோ..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுடா. அடுத்த தடவ டேப்லெட்ட நீயே வச்சுக்க"ன்னுட்டு, நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நடந்துட்ட.