மைதானத்தில் கொடுத்த சர்க்கரை

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்.
14.10.1987, புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முனிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள், முதலில் இதைப் படியுங்கள். நமக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நீங்கள் மேட்சுக்குக் கிளம்புவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். அவளும் நானும் நன்றாக இருக்கிறோம்.

நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவரைக் கட்டிக்கொண்டால் இந்தக் கஷ்டமெல்லாம் உண்டு. நேரமானாலும் நீங்களே படியுங்கள், யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். இதைக் கொண்டுவரும் பூக்கார ருக்மணி அக்கா குழந்தை பிறந்த சேதியை மட்டும் அத்தையிடம் வாயால் சொல்வாள். மீதியையும் அவளிடம் சொன்னால், பூக்கூடையோடு உங்கள் ஆனேக்கல் முழுக்கச் சுற்றிவிடும்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சென்றாயன் உங்கள் வாயில் சர்க்கரையைப் போட்டானே, அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் துப்பினீர்களா?

கோபப்படாமல் கேளுங்கள். இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வலி எடுத்ததும் சனிக்கிழமை சாயங்காலமே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். விடிந்ததும் குழந்தை. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளை பிறந்தால் அப்பன்காரனுக்குச் சர்க்கரை கொடுத்துச் சேதி சொல்வதுதானே நம் இரண்டு வீட்டு வழக்கமும். அண்ணனும் டீமும் உங்கள் ஊருக்குத்தானே வருகிறார்கள், தனியாக ஆள் எதற்கு என்று அம்மா ஒரு பொட்டலம் சர்க்கரையும், பூக்கடையில் சொல்லிக் கட்டிய ரோஜா மாலையும் சென்றாயனிடம் கொடுத்தனுப்பினாள். மேட்ச் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், விளையாடுகிற மனிதன் மனசைக் கலைக்கக் கூடாது என்று அப்பா கண்டிஷனாகச் சொல்லி அனுப்பினார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். மாலைக்கும் சர்க்கரைக்கும் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று இப்போது கேட்டு என்ன பயன்?

சென்றாயனை உங்களுக்குத் தெரியும். கம்பெனி கேன்டீனில் சாம்பார் கிண்டுகிறவன். ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் அவன்தான் எங்கள் பக்கத்துக்குக் கலெக்டர். லாரி பேசுவது, தப்பட்டை அடிக்க ஆள் கூட்டுவது, தொண்டை கட்டக் கத்துவது எல்லாம் அவன் வேலை. உங்கள் மைதானத்தில் எங்கள் டீம் இதுவரை தோற்காமல் திரும்பியதில்லை. இந்தத் தடவை டிரா ஆனாலே அடுத்த ரவுண்டுக்குப் போய்விடலாம் என்று எல்லாரும் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேட்சை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கோல் நீங்கள் போட்டதாம். படுத்திருந்த எனக்கு அதைக் கேட்டதும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, எங்கள் வீட்டார் முன்னால் சிரிக்கவா முடியும்? அப்புறம் எங்கள் பக்கம் ஒருவனை ரெஃப்ரி வெளியே அனுப்பிவிட்டாராம். ஆள் குறைந்தும் விடாமல் ஓடி, சின்னராஜ் தலையால் முட்டிக் கோலைத் திருப்பினானாம். அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் அலையலையாக வந்து, எங்கள் பையன்கள் சேற்றில் விழுந்து விழுந்து தடுத்தார்களாம். மேட்ச் முடியப் போகிற சமயத்தில் உங்களுக்குப் பெனால்டி. பந்தை வைத்தது நீங்கள். எதிரே நின்றது என் அண்ணன் முனிவேல்.

அண்ணன் அந்தப் பந்தைப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். ஏன் பிடித்தான் தெரியுமா? பள்ளிக்கூட லீவில் தளியில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அடித்து அவன் பிடித்த பந்துதானே! நீங்கள் ஒரு மூலையைப் பார்த்துவிட்டு எதிர் மூலையில் அடிப்பீர்கள் என்பது எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? பாய்ந்து வலது கையால் தட்டினான். கை வீங்கிச் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறான். கம்பெனியில் மெஷினில் நிற்க முடியாது என்று லீவு போட்டிருக்கிறான். விட்டுக்கொடுத்து மெல்ல உருட்டிவிட்ட பந்து ஒரு கையை இப்படியா ஆக்கும்?

ஆனால் நம்மவர்களுக்கு அந்த மூளை வேண்டுமே. விசில் ஊதியதும் கயிற்றைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள். சென்றாயன் முதல் ஆளாக வந்து, நீங்கள் தலையைக் குனிந்து நிற்கும்போதே உங்கள் வாயில் சர்க்கரையைத் திணித்து, மாலையைப் போட்டிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் எதற்கு மாலை என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? "மாப்ளைனா நம்ம கங்கப்பன் மாப்ளதான்டா" என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு உங்களைத் தோளில் தூக்கியிருக்கிறார்கள். பெனால்டி விட்டவனுக்கு எதிராளி மாலை போட்டுத் தூக்கினால் உங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? விற்றுவிட்டான் என்று கன்னடத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் கத்தினார்களாம். அப்புறம் கல் வந்தது. லாரிக் கண்ணாடி போனது. ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிப் பார்த்தவர்கள், நீங்கள் சர்க்கரையைத் துப்பி மாலையைப் பிய்த்துக் காலில் போட்டு மிதித்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் லாரி எங்கள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் வந்தது. தப்பட்டைச் சத்தமும் ஹாரனுமாக ஒரே கூச்சல். ஜெயித்தவர்கள்கூட அப்படிக் கத்தியதில்லை. நர்சம்மா வெளியே போய்த் திட்டிவிட்டு வந்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் நீங்களும் வருவீர்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது அண்ணன், கையில் கட்டோடு. முகத்தில் டிரா பண்ணிய களையே இல்லை.

பொட்டப்பிள்ளை என்று தெரிந்ததும் துப்பிவிட்டீர்கள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். "என் பேத்திக்குக் குடுத்த சக்கரையத் துப்புனவன் வாசல்ல இனி நான் கால் வெக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அழுகிறாள். நானும் அழுதேன் மாமா, பொய் சொல்ல மாட்டேன். பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சர்க்கரைதான் கண் முன்னால் வந்தது. நீங்கள் அப்படிப்பட்டவரில்லை என்று ஒரு மனசு சொல்லும். அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை என்று இன்னொரு மனசு கேட்கும்.

நேற்று சென்றாயன் குழந்தையைப் பார்க்க வந்தான். வாசலிலேயே நிறுத்தி, சர்க்கரை கொடுக்கும்போது என்ன சொன்னாய் என்று கேட்டேன். முழித்தான். விடாமல் கேட்டேன். "நான் எங்கம்மா சொல்றது, அதுக்குள்ள தூக்கிட்டானுங்க. சக்கரையக் குடுத்தா தெரிஞ்சிக்க மாட்டாரான்னு நெனச்சேன்" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது, கூடவே அவன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றலாம் போல ஆத்திரமும் வந்தது. இத்தனை நாளும் உங்களுக்குச் சேதி தெரியும் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அப்பாவிடம் சொன்னேன். வாயால் சொல்லாவிட்டால் என்ன, சர்க்கரைக்கு அர்த்தம் தெரியாத வீடா அது என்கிறார். அவரை என்னால் அசைக்க முடியவில்லை.

இங்கே டீக்கடைகளில் இன்னும் கொட்டம் அடங்கவில்லை. மாப்பிள்ளை நமக்காக விட்டுக்கொடுத்தார் என்று உங்களைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். அந்தப் புகழ் பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டி உங்கள் தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. அண்ணனுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. தன் ஜென்மத்தில் பிடித்த நல்ல பந்தை நீங்கள் போட்ட பிச்சை என்கிறார்களே என்று சின்னராஜிடம்கூடச் சண்டை போட்டான். உங்கள் இரண்டு பேரையும் ஒரே மாலையால் கெடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ருக்மணி அக்கா அந்தப் பக்கம் வந்தவள், உங்கள் தெருமுனையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டாள். ஜன்னல் உடைந்திருக்கிறது என்றாள், நீங்கள் வேலைக்குப் போகவில்லை என்றாள். உங்களுக்கு அடி ஏதாவது பட்டதா? அத்தை எப்படி இருக்கிறார்கள்? ருக்மணி அக்காவுக்கு அது தெரியவில்லை. வெளியில் தனியாகப் போகாதீர்கள். யாராவது வம்புக்கு இழுத்தால் பதில் பேசாதீர்கள், உங்கள் கோபம் எனக்குத் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை குழந்தையைத் தொட்டிலில் போடுகிறோம். அரைஞாண் கயிறு அத்தை கையால்தான் கட்ட வேண்டும், வேறு யாரும் கட்ட விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெயர் நீங்கள்தான் அவள் காதில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவளை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். காது உங்களுடையது. அழும்போது உங்களைப் போலவே இடது காலைத்தான் உதைக்கிறாள். இதை எங்கள் டீமில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

அண்ணன் இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவன்தான். நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் வந்து நிற்பதாக எழுதச் சொன்னான். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது கூட வந்தால் கட்டைப் பிரித்துக் கையைக் காட்டுகிறானாம். "நல்லாத்தான் அடிச்சான், நான்தான் புடிச்சேன்னு அவங்க முன்னாடியே சொல்றேன்" என்கிறான். பாதி உங்களுக்காக, பாதி அவனுக்காக. எப்படியோ வருகிறான், நீங்களும் வாருங்கள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் பார்த்துவிட்டால் அவரால் ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். எல்லாச் சாமியும் உங்களைக் காப்பாற்றட்டும். கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பிரித்துப் பாருங்கள். அம்மா அன்றைக்கு அனுப்பியது போக வீட்டில் மிச்சமிருந்த சர்க்கரை. நம் பெண் பிறந்ததற்கு நானே கொடுக்கிறேன். இந்தத் தடவை துப்பிவிடாதீர்கள் மாமா.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி இருக்கும்
முனிலட்சுமி