கடலோர வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி

1980 யூன் 8

என் புருசனுக்கு மீனை ஐஸ் போட்டு அடுக்கும் வாடியில் வேலை கிடைத்து, முல்லைத்தீவுக்கு வந்து ஒரு கிழமை. வாடகையைக் கேட்டபோது வீட்டுக்கார முஸ்லிம் அக்கா சபூறா ராத்தா தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். வவுனியாவில் அந்தக் காசுக்கு மாட்டுக்கொட்டில்கூடக் கிடைக்காது.

இந்த வீட்டில் பின்கதவு இருக்கிறது! மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஒரே கதவு. எழுபத்தேழு கலவரத்தில் அதையும் விட்டு ஓடிவந்து வவுனியாவில் கட்டிய குடிசைக்கும் ஒரே கதவு. இங்கே முன்னால் நுழைந்து பின்னால் வெளியே போகலாம். ஒரு வேலையும் இல்லாமல் இன்றைக்கு அப்படிப் பலமுறை போய்வந்தேன். பின்னால் கடல் இரைகிறது.

யூன் 15

கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். "பாத்துக்கொண்டு நிக்காமல் கயித்தைப் பிடியுங்கோ!" என்று ஒருத்தி கத்தினாள். பிடித்தேன். கடைசியில் என் முந்தானை நிறைய மீனை அள்ளிப் போட்டாள். கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் கறிக்கு மீன் உண்டாம். அவள் பெயர் மீனம்மா. இப்படியும் ஓர் ஊரா?

யூன் 22

ஒரே குறை, தேத்தண்ணி. ராத்தா வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு கிணறு. தண்ணீரில் இலேசான உப்பு. சாயம் கறுத்து மேலே ஆடை கட்டுகிறது. என் புருசன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். நாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் ஊற்றினார்.

"இது மனுசன் குடிக்கிறதா புள்ள? எங்க அண்ணன் அங்க நமக்குன்னு காணி புடிச்சி வச்சிருக்காரு. பேசாம வவுனியாவுக்கே போயிருவோம்."

தேத்தண்ணிக்காகவா இந்த வீட்டை விடுவது?

யூலை 2

கடைக்குக் கடை தூள் மாற்றிப் பார்த்தாயிற்று. தூளில் குற்றமில்லை.

யூலை 11

நோன்புக்கு முன் உறவுக்காரரைப் பார்க்க ராத்தா குடும்பத்தோடு வவுனியா போயிருக்கிறார். இவருக்கு ஒரு யோசனை. வவுனியாவில் கிணறு வெட்டிப் பழகியவர் அல்லவா? அங்கே ஆழம் போகப் போகத்தான் நல்ல தண்ணீர். மீன் வாடியில் தன்னோடு ஐஸ் உடைக்கும் சங்கிலி அண்ணனையும் கூட்டிவந்து கிணற்றில் இறங்கிவிட்டார். நானும் வாளி வாளியாக மணலை இழுத்துக் கொட்டினேன். ராத்தா வந்து பார்த்து அசந்துபோவார்.

யூலை 13

அசந்துதான் போனார். கிணறு முழுக்க உப்பு. வாயில் வைக்க முடியவில்லை — கடலை நாங்களே உள்ளே கூப்பிட்டுவிட்டோம்.

"உங்களை ஆர் தோண்டச் சொன்னது? நாளைக்கு நோன்பு. என்னத்தைக் குடிச்சு நான் நோன்பு திறக்கிறது?"

அந்தச் சத்தத்தைத் தாங்கினேன். பிறகு கிணற்றுக்கட்டில் குந்தி அழுதார். அதைத் தாங்க முடியல. நல்லது செய்யப் போய் — மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? இவர் பெட்டியைக் கட்டச் சொல்கிறார். கட்ட மாட்டேன்.

யூலை 14

விடிந்ததும் குடத்தோடு புறப்பட்டேன். கண்ட கிணற்றிலெல்லாம் ஒரு வாய். ஒன்று உவர், ஒன்று பாசி, நல்லது ஒன்று கிடைத்தது நெடுந்தூரத்தில். திரும்பும்போது பார்த்தால், கடற்கரை மணலில் மீனம்மா தண்ணீர் அள்ளுகிறாள்! அடியில்லாத தார்ப்பீப்பாயை மணலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். இடுப்பளவு ஆழம்கூட இல்லை. குடித்தால் இனிக்கிறது. கடலுக்கு இவ்வளவு கிட்ட எப்படி?

"மழைத்தண்ணி மேலதானே நிக்கும். கீழ போனா உப்பு. கனக்க அள்ளவும் கூடாது, உப்பு ஏறிடும்" என்றாள்.

அப்படியானால் நாங்கள் வெட்டியது தலைகீழாக. அந்தத் தண்ணீரில் ஒரு குடம் ராத்தாவுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

யூலை 20

மீனம்மா சொன்னதைக் கேட்டதும், தோண்டிய மணலையெல்லாம் இவரே பழைய கிணற்றில் திரும்பக் கொட்டினார். வாடியில் கேட்டு ஒரு பழைய பீப்பாயை உருட்டிவந்து, முற்றத்து மேட்டில் புதுக்குழி. இடுப்பளவு வந்ததும் இவருக்குக் கை துருதுருத்தது.

"இன்னும் ஒரு அடி மட்டும் —"

"ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது!"

நான் போட்ட சத்தத்தில் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

யூலை 22

கலங்கல். உப்பா இல்லையா என்றே தெரியவில்லை.

யூலை 24

தெளிந்துவிட்டது. மாலையில் ராத்தாவைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இது கிணறோ, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியோ?" என்றார். பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், பிறகு என் குவளைத் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். குவளையை மறுபடியும் நீட்டினார். அவசரத்தில் ஊற்றியதில் பாதி நிலத்தில் போயிற்று.

"பாத்து ஊத்து தங்கச்சி, கனக்க இறைச்சா உப்பு ஏறிடும்."

தங்கச்சி என்றார்.

ஓகஸ்ட் 3

காலையில் தேத்தண்ணி கொடுத்தேன். இவர் குடித்துவிட்டுக் குவளையின் அடியைப் பார்த்தார். இன்னொன்று கேட்டார். பிறகு, அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பயந்துகொண்டே பேனாவை எடுத்தேன்.

"அந்தக் காணிய வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு. இங்கிட்டு வரும்போது நல்ல தூளா ஒரு பை கொண்டாரச் சொல்லு. ராத்தாவுக்கு ஒரு பை தனியா."

எழுதி ஒட்டிவிட்டேன். பின்கதவால் இறங்கித் தபாற்கந்தோருக்குப் போகிறேன். அது சுற்றுவழிதான்.