பத்தொன்பது மில்லிமீட்டர்

ஜூன் 4

அன்புள்ள ஆய்வக அம்மணிக்கு,

அண்ணன் உயிரோடுதான் இருக்கிறேன். போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. விசாரணைக்காரர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் போட்ட சாலையின் வளைவில், லாரிச் சக்கரம் ஓடும் தடம் இரண்டும் வாய்க்கால் மாதிரி அமுங்கிவிட்டன. அதில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு நர்ஸின் வண்டி சறுக்கி, பாவம், போய்விட்டாள். தார்க்கலவை மோசமா, உருட்டியது மோசமா என்று கேட்டார்கள். "கலவையை என் தங்கச்சியே சோதிச்சிருக்கா. இருபதாயிரம் தடவை சக்கரம் ஓட்டியும் நாலு மில்லிமீட்டர்தான் அமுங்குச்சு" என்று உன் அறிக்கையைக் காட்டினேன். அப்புறம் மிச்சம் நம் ரோலர்க்காரர்தானே? அவர் சரியாக உருட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவரை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. இருந்தாலும் உன் புண்ணியத்தில் தப்பித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

தார்க்கலவையில் வார்த்த சோதனைப் பலகையை அறுபது டிகிரிச் சூட்டில் நாலு மணி நேரம் வைத்த பிறகுதான் சக்கரத்தை ஓட்ட வேண்டும். அன்று நீ மூன்று தடவை போன் செய்தாய். "மெஷினெல்லாம் சும்மா நிக்குது, சீக்கிரம் சொல்லு" என்று கத்தினாய். ஒரு மணி நேரத்திலேயே ஓட்டிவிட்டேன். சூடேற்றும் பெட்டிக்குள் காற்று அறுபது காட்டியது. பலகையின் உள்ளே சூடு ஏறியிருக்காது. சூடு ஏறாத தார் கெட்டியாகத்தான் நிற்கும்.

அதே கலவையில் செய்த ஜோடிப் பலகை அலமாரியில் இருந்தது. நேற்று அதை முறைப்படி ஓட்டினேன். பத்தொன்பது மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன் அண்ணா, குறையவே இல்லை. கலவைதான் மோசம், ரோலர்க்காரர் ஒழுங்காகத்தான் உருட்டியிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

தங்கை

ஜூன் 13

தங்கச்சி,

உன் காலில் விழுகிறேன். அந்தப் பலகையை உடைத்துப் போடு. பத்து நாளில் விசாரணை முடிந்துவிடும். நீ வாயைத் திறந்தால் உன் ஆராய்ச்சி போகும், என் வேலை போகும், என் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அவருக்கு வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். போன் செய்தது நான்தான். அவசரப்பட்டது நீ.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அண்ணன்

ஜூன் 17

அன்புள்ள அண்ணா,

பலகையை இன்று காலை விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டேன். பத்துக் கிலோ இருக்கும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆய்வகத்தில் என் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

நீ அவசரப்படுத்தியதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. உன் கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, இத்துடன் வைத்து உனக்கே அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ரோலர்க்காரரை விடுகிறார்களாம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ போ. அம்மாவின் பாடையைத் தூக்கியபோது உன்னோடு தோள் கொடுத்தவர். தனியாக வெளியே வர விட்டுவிடாதே.

உன் தங்கை (இன்னும் அப்படிச் சொல்லலாம் என்றால்)

ஜூன் 24

அண்ணா,

நீ வரவில்லை. மனசு கேட்காமல் நானே ஜெயில் வாசலில் போய் நின்றேன். பாதியாக இளைத்திருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அண்ணன் வரலியாம்மா?" என்றார்.

உனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பஸ் ஏறும்போது, "அவனை மாத்திரை போடச் சொல்லும்மா" என்றார்.

தங்கை