வேலை கொடுக்காத நாற்காலி

கதக்,
26 அக்டோபர் 2023

அன்புள்ள ரேணவ்வாவுக்கு,

நான் சௌக்கியம். உன் அண்ணி இப்போதாவது வேளைக்குச் சோறு போடுகிறாளா? உன் போன கடிதத்தின் மேல் தபால்காரர் முத்திரையை ஓங்கிக் குத்தியதில் கடைசி வரியின் புள்ளிகள் நசுங்கிவிட்டன. பிரெய்ல் கடிதம் இலவசம், தபால்தலை ஒட்டுவதில்லை என்று அவருக்கு என்ன எரிச்சலோ.

திங்கள்கிழமை அலுவலகத்தில் ஆயுத பூஜை. அவரவர் கணினிக்கும் ஜீப்புக்கும் குங்குமம் வைத்தார்கள். என் மேசை காலி. என்னைத் தொலைபேசி ஆபரேட்டராக எடுத்தவர்கள், நான் சேர்வதற்கு முன்பே இணைப்பு மாற்றிக் கொடுக்கும் பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பேசும் மென்பொருள் உள்ள கணினி கொடுங்கள், தட்டச்சு செய்கிறேன் என்று வருடக்கணக்காகக் கேட்கிறேன். "சம்பளம் வருதுல்லம்மா, நிம்மதியா உக்காரு" என்பார் தலைமை எழுத்தர் பாட்டீல். அன்று என் வெள்ளைத்தடிக்குக் குங்குமம் வைத்து, "இதுதானே உன் ஆயுதம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அன்பாகத்தான் செய்தார்களாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தடி நடப்பதற்கு. நான் வேலை செய்ய வந்தவள்.

மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

உன்
சுமங்கலா


சவணூர்,
14 நவம்பர் 2023

சுமங்கலா,

அண்ணி சோறு போடுகிறாள். கூடவே பேச்சும் போடுகிறாள்.

உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டதா உனக்கு? இங்கே வந்து என்னோடு ஊதுபத்தி உருட்டு. அரசாங்கம் எனக்குத் தரும் உதவித்தொகை அண்ணன் பைக்குள் போகிறது. தலைவலி மாத்திரைக்குக்கூட அவனிடம் கை நீட்டுகிறேன்.

உன் இலாகா தேர்வுப் பட்டியலில் என் பெயர் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குத் தெரியும். நேற்று அண்ணன் என்னைக் கதக்குக்கு, உங்கள் பெரிய அதிகாரியிடம் கூட்டிப் போனான். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனிடம்தான் சொன்னார்: "ஒரு குருடிய வச்சே இவ்ளோ தலைவலி. அவ புகாரை வாபஸ் வாங்கட்டும், உன் தங்கச்சி வேலை ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

பக்கத்து அறையில் நீ இருந்தாய். வேண்டுமென்றேதான் பார்க்காமல் வந்தேன். உனக்கு மானம் பெரிது. எனக்கு இந்த வீட்டை விட்டு வெளியேறுவது பெரிது. எனக்காக விட்டுக்கொடு. முடியாதென்றால் இனி எனக்கு எழுதாதே.

ரேணவ்வா


கதக்,
20 நவம்பர் 2023

ரேணவ்வா,

வாபஸ் வாங்கிவிட்டேன். வாபஸ் கடிதத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லச் சொல்ல, பாட்டீல் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

சந்தோஷமாக வேலையில் சேர். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருக்கிறது. அது ஆறும்வரை எழுதமாட்டேன்.

சுமங்கலா


ரோண்,
9 பிப்ரவரி 2024

அன்புள்ள சுமங்கலா,

நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதுவேன்.

இங்குள்ள தாலுகா அலுவலகத்தில் எனக்கு வேலை போட்டார்கள். முதல் நாள் பூமாலை, பேடா, போட்டோ எல்லாம் ஆயிற்று. பிறகு பழைய கோப்புகள் அடுக்கிய அறையில் ஒரு நாற்காலி. வேலை கேட்டால், "ஜன்னல் பக்கம் நல்லா காத்து வரும், அங்க உக்காரு" என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நம் பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். அதற்குச் சற்று முன் எழுத்தர் ஓடி வந்து ஒரு தொலைபேசியை என் முன்னால் வைத்தார். "சார் வர்றார், இதைக் காதுல வச்சுக்கோ" என்றார். கையால் தடவிப் பார்த்தேன். வயர் எதிலும் சொருகாமல் தொங்கியது. வைத்துக்கொண்டேன் சுமங்கலா. உயிரில்லாத அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ" என்றும் சொன்னேன். அதிகாரி என் அருகில் நின்று, "ரொம்ப நல்லா பண்றீங்க" என்றார்.

எனக்கு முதலில் கோபம் வந்தது அவர்கள்மேல் இல்லை, உன்மேல்தான். நான் கெஞ்சினால் நீ கேட்டுவிடுவதா? போடி என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இப்படித்தான் இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. எனக்கும்தான் தெரியும், நீ எழுதியிருந்தாயே. தெரிந்தும் கேட்டேன். அதனால் என்மேலும் கோபம்தான்.

நேற்று ஆணையருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அந்தப் போனைப் பற்றியும், உன் கட்டைவிரலைப் பற்றியும், அண்ணனிடம் அதிகாரி பேசிய பேரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, நினைத்தால் நாளைக்கே அனுப்பிவிடலாம். உன்னைக் கேட்டிருந்தால் பொறு என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

வேலை போனால் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். நேராக உன் அறைக்குத்தான் வருவேன். கோபம் ஆறவில்லை என்றால் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் திட்டு.

உன்
ரேணவ்வா