வீடு பூட்டியிருந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பார்சல் நேற்று கிடைத்தது. சங்கத்துச் சாமான் அறையின் சாவி, பேட்ஜ், என்னிடம் வாங்கிய ஏழு புத்தகங்கள், ஒரு வரிச் சீட்டு: "பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடு, நான் நலம்." ஏழில் இரண்டு, நான் உங்களுக்கே என்று கொடுத்தவை. போனையும் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அத்தான் இறந்த பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போன ஊரில் பேச ஆளில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஐந்து மாதம் கழித்து இந்தச் சீட்டுதான்.

இங்கே எல்லாரும் சுகம். கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வருகிறோம். போன வாரம் ஒரு நோயாளிக்கு இரவல் கொடுக்க, சங்கத்துக் கட்டில் ஒன்றை மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தலைவர் கீழே நின்று "இடது, இடது" என்று கத்த, டெய்லர் அண்ணன் "யாரோட இடதுங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். இன்னும் இரண்டு பேர் குறைந்தால் தூக்க ஆளிருக்காது, நாமே அதில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று நேராகவே கேட்டாள். தலைவர் தொண்டு, சமுதாயம் என்று ஆரம்பித்தார். எனக்கு நீங்கள் சொன்னதுதான் நினைவு வந்தது. "புத்தகத்துக்குள்ளயே மூஞ்சிய வெச்சுக்கிட்டு இருக்காத, எங்ககூட வா. நீ ஒருநாள் வரலைன்னா ஏன்னு கேக்க ஆள் இருக்கும்" என்று சொல்லித்தானே என்னைச் சேர்த்தீர்கள்? அதை அவளிடம் சொன்னேன். அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

செயலாளர் வேலையை என்னிடம் கொடுத்தபோது நீங்கள் சொன்ன விதி ஒன்றே ஒன்று. தொடர்ந்து மூன்று வாரம் வராதவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும், கண்ணால் பார்த்ததைப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். உங்கள் வரிகளை நான் கதைபோலப் படித்திருக்கிறேன். "கால் வீக்கம். கோபம் நம்மேல் இல்லை, மருமகன்மேல்." "இனி வரமாட்டேன் என்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறார்."

நம் சக்கர நாற்காலிகளுக்கு பிரேக் பார்த்துக் கொடுப்பாரே, கடிகாரக்காரர், அவர் இறந்துபோனார் என்று மட்டும் உங்களுக்கு எழுதினேன். மூன்று வாரமாக அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நான் போக வேண்டிய நாளில் மழை. அவருக்கு நான்காம் மாடி. மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். நான் என் அறையிலிருந்தபடியே எழுதினேன்: "வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்." எழுதிவிட்டு, நாவலை விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

வெளியே பூட்டு இல்லை அக்கா. உள்ளே தாழ் போட்டிருந்தது. எட்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். காய்ச்சலில் கிடந்தவர் குளியலறையில் விழுந்திருக்கிறார். நான் அந்த வரியை எழுதிய பிறகும் இரண்டு நாளாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

டெய்லர் அண்ணன் என் தோளைத் தட்டி, "நானே போயி பாக்கலாம்னு கெளம்பினேம்மா. நீ எழுதியிருந்ததப் படிச்சிட்டுத்தான் நின்னுட்டேன். நீ தட்டினப்ப அவரால எந்திரிக்க முடியல போல, பாவம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

நான் தட்டாத அந்தக் கதவு எனக்குக் கேட்கிறது. நல்ல பகலில், அலுவலகத்தில் கோப்பு எடுக்கும்போது, தெருவில் நடக்கும்போது. மூடிய கதவு எதைத் தாண்டினாலும், அந்தப் பக்கம் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் காலடி நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ஒருநாள் அந்த நான்கு மாடியும் ஏறிப் போய்த் தட்டினேன். புதிதாகக் குடிவந்த அம்மாள் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டார். இறங்கி வந்துவிட்டேன். வரும் கூட்டத்தில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன். அப்போது நீங்கள் என் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் பெயரை நான் அடிக்கவில்லை. "அதான் நல்லாருக்கேன்னு எழுதியிருக்காங்களே" என்கிறார் அண்ணன். எழுதியிருப்பதை நம்ப என்னால் இனி முடியாது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிப்பவர் எழுதும் "நலம்" எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று மாலையே கிளம்புகிறேன். ரயிலில் இரண்டு நாள். கூரியர் விமானத்தில் வருவதால் இந்தக் கடிதம் நாளைக்கே உங்களிடம் வந்துவிடும். வெள்ளி மதியம் நான் வந்துவிடுவேன்.

என்னைத் திட்டுங்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள். எதற்கு வந்தாய் என்று கேளுங்கள். எதுவானாலும் சரி. வெள்ளி மதியம்வரை மட்டும் எனக்காக இருங்கள் அக்கா. அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாக யோசிப்போம்.

வந்துகொண்டிருக்கும்
உங்கள் தங்கை