துண்டுக்குள் திரும்பிய பகடைக்காய்

நண்பா,

நேற்று மகளோடு எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கிடாய் வாங்க வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு தரகர்கள் கைகோத்து நின்றார்கள். கோத்த கைகளின்மேல் ஒரு துண்டு கிடந்தது. இருவர் முகமும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தது. மகள் பட்டணத்தில் வளர்ந்தவள். என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். விலை பேசுகிறார்கள் என்றேன். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, கணுவைத் தொட்டால் வேறொரு தொகை. திருப்பி அமுக்கினால் சம்மதம், அதன்பின் பேச்சு மாறக்கூடாது. சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் திரும்பி முறைத்தார்கள். உன்னை நினைத்துத்தான் சிரித்தேன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நீ கண்ணை மூடிய பிறகு உன்னை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதனால் இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்துத் தூத்துக்குடி அது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். நீ ஏஜெண்டு கம்பெனியில் மூட்டைக் கணக்கு எழுதும் குமாஸ்தா, நான் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி அனுப்புகிறவன். தோணி திரும்பும்வரை இருவருக்கும் வேலை கிடையாது. கணக்கெழுதப் போன கப்பலில் நீ காத்துக் கிடந்த ஒரு பகலில், அங்கிருந்த சமையல்காரன் ஒருவன் உனக்குப் பகடைக்காய் வித்தையைக் காட்டிக்கொடுத்தான். அதற்கப்புறம் உன் சட்டைப் பையில் சங்கில் கடைந்த இரண்டு காய்கள் எப்போதும் இருந்தன. நடக்கும்போது அவை உரசும் சத்தத்தை வைத்தே நீ வருவதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

கடற்கரை ரோட்டுக் காப்பிக் கடைதான் உன் மேடை. உள்ளங்கையில் காயை வைத்து மேலே மூன்று இருப்பதைக் காட்டுவாய். அதன்மேல் துண்டைப் போடுவாய். எதிரில் இருப்பவர் துண்டுக்குள் கையை விட்டு, நீ கொடுக்கும் காயை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். துண்டை எடுத்தால் மேலே ஐந்து இருக்கும்.

"ஏலே, நான் பிடிய விடவே இல்லியே, மூணு எங்கன போச்சு?" என்று தோணிக்காரர் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மூணுக்கு உம்ம கையில இருக்கப் பிடிக்கலையாம் அண்ணாச்சி. மீன் நாத்தமாம்" என்றாய் நீ.

கடையே சிரித்தது. காயைக் கொடுக்கிற அந்த ஒரு நொடியில் உன் கட்டைவிரல் அதைக் கால் சுற்றுத் திருப்பிவிடும். வித்தை அவ்வளவுதான். துண்டு அதை மறைத்தது. எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய். எவராவது பந்தயம் என்று காசை எடுத்தால் காய்கள் உடனே பைக்குள் போய்விடும். "இது சிரிக்கதுக்கு உள்ள சாமான்வே" என்பாய். அந்த விஷயத்தில் நீ விளையாட்டுக்குக்கூட இறங்கிவந்ததில்லை.

பிறகு உனக்குப் பெண் நிச்சயமாயிற்று. பெண்ணின் அப்பா முத்துத் தரகர். பல வருஷமாக முத்துக்குளிப்பு நடக்காவிட்டாலும், பழைய முத்துகளுக்கு விலை சொல்ல ஊரில் அவரைத்தான் தேடுவார்கள். மோதிரம் மாற்றியாயிற்று. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும்; தடை தெரிந்தவர்கள் அதற்குள் சாமியாரிடம் சொல்லிவிட வேண்டும். நீ அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்து வாசலில் பார்த்து, அவள் வீட்டுக்கு ஆள் அனுப்ப உன் அம்மாவைச் சம்மதிக்க வைக்க என்ன பாடுபட்டாய் என்பது எனக்குத் தெரியும். முதல் ஓலை வாசித்த அன்று, காப்பிக் கடையில் எல்லாருக்கும் நீயே காப்பி ஊற்றினாய்.

இரண்டாம் ஓலைக்குப் பிறகு வந்தது வினை. பெண்ணின் தாய்மாமன் காப்பிக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறார். மேசையில் ஒரு பகடைக்காய். பக்கத்தில் துண்டுக்கு அடியில் இரண்டு கைகள். கழுத்தை நீட்டிப் பார்க்கும் கூட்டம். வேறு ஊர்க்காரராக இருந்தால் ஏதோ வேடிக்கை என்று போயிருப்பார். தரகர் வீட்டில் வளர்ந்தவருக்கு, துண்டுக்கு அடியில் கை போனால் அங்கே தொகை பேசுகிறார்கள் என்றுதான் பொருள். போலீஸுக்குத் தெரியாமல் விரலாலேயே பந்தயம் கட்டிச் சூதாடுகிறான் மாப்பிள்ளை என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். சூதாடி இல்லை என்று நிரூபிக்காவிட்டால் சாமியாரிடம் போவேன் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். துணைக்கு நான் வந்தேன். வழியெல்லாம் நீ ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தாய். "வித்தைன்னு செஞ்சு காட்டுனா, நெனச்ச எண்ணைப் போடத் தெரிஞ்ச களவாணிம்பாவ. செய்யாட்டா சூதாடிம்பாவ. நான் என்னவே செய்ய?"

தரகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் உட்காரவில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் பெண் நிற்பது சேலைத் தலைப்பில் தெரிந்தது.

"அத்தான், இவன் கையில என்ன இருக்குன்னு கேளுங்க" என்றார் தாய்மாமன்.

"கேக்க வேண்டாம். பாத்துக்கிடுதேன்" என்றார் தரகர். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தம்பி, அங்கன கடையில செஞ்சதை எனக்குச் செய்."

நீ காயை எடுத்தாய். மூன்றைக் காட்டினாய். துண்டைப் போட்டாய். அவர் கை உள்ளே போயிற்று. கடையில் எடுத்துக்கொள்வதைவிட அதிக நேரம் ஆயிற்று. துண்டு லேசாக அசைந்தது. கடைசியில் அவரே துண்டை உருவினார். காயில் ஐந்து இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், இவன் நிச்சய மோதிரத்தத் தொட்டு, ஓரணாவுக்குத் தாரியான்னு சுண்டு விரலப் பிடிச்சுக் கேட்டேம். சரின்னு அமுக்கிட்டாம்!"

நீ திருதிருவென்று விழித்தாய். கிழவர் பாசமாகக் கையைப் பிடிக்கிறார், நாமும் மரியாதைக்குப் பிடிப்போம் என்று அமுக்கினாயாம். பிறகு என்னிடம் சொன்னது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஓரணாவுக்கா? நான் போட்ட மோதிரத்தையா?"

"ஏளா, உள்ள போ" என்றார் தரகர், சிரிப்பை அடக்காமல். தாய்மாமன் மட்டும் விடவில்லை. "நடிக்கான் அத்தான்."

"நடிக்கிற கை எனக்குத் தெரியாதா? இவன் விரலுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. இவன் துண்டுக்குள்ள என்னத்தப் பந்தயம் பேச?"

"அப்பம் எண்ணு மாறுதே? நெனச்சதப் போடுதானே?"

"நெனச்ச எண்ணைப் போடத் தெரிஞ்சவன், ரேஷன் அரிசிக்கு வரிசையில ஏன்டே நிக்கான்? நேத்து எனக்கு முன்னால நின்னாம்."

தாய்மாமன் ஒரு நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். காப்பி வந்தது. அவருக்கும் பெண்ணே கொண்டுவந்து வைத்தாள், சீனியைத்தான் மறந்துவிட்டாள்.

வாசலில் விடைபெறும்போது தரகர் உன் தோளில் கைபோட்டு, எனக்குக் கேட்கிற அளவில் சொன்னார்: "கட்டைவிரல் அவசரப்படுது மாப்ள. கொஞ்சம் பொறு." நீ கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாய். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார். வீட்டுக்குள் யாரிடமும் அதை அவர் சொல்லவே இல்லை என்று பிறகு உன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் அன்று இரவு நீ தூங்கியிருக்கமாட்டாய். ஞாயிறு காலை கோயிலில் என் பக்கத்தில் நின்ற உன் கண்கள் சிவந்திருந்தன. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். உன் பெயர், அவள் பெயர். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். அந்த அமைதியில், முன்வரிசையில் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். நீ என் முழங்கையைப் பிடித்தாய். பிடித்தாய் என்பது சரியல்ல, நகத்தைப் பதித்தாய். அவர் இன்னொரு தரம் செருமினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருக்குச் சளி. சாமியார் அடுத்த ஜோடியின் பெயருக்குப் போய்விட்டார். நீ விட்ட மூச்சில் முன்னால் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பின் எத்தனையோ கோர்ட்டுகளில் தீர்ப்புக்காகக் காத்து நின்றிருக்கிறேன். புயலுக்குப் பிறகு பெரியதாழைக் கரையில், தோணிகளைத் தேடிக் கடலையே பார்த்து நின்ற பெண்களோடு நின்றிருக்கிறேன். போன மாதம் மகளுக்கு அறுவை சிகிச்சை. டாக்டர் வெளியே வந்தார். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினார். என் இடது முழங்கையில், நீ பிடித்த இடத்தில், சுருக்கென்றது. உடனே எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. அவர் வாயைத் திறக்கும் முன்பே மூச்சை விட்டேன். நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள்.